நிலம் ஏன் சிலர் கையில் சேர்கிறது? குமரி மாவட்டத்தை வைத்து ஓர் எளிய விளக்கம்

நூறு ஏக்கர் நிலமுள்ள ஓர் ஊரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அங்கே இருபது குடும்பங்கள். எல்லாரிடமும் மண்வெட்டி மட்டும்தான் இருக்கிறது. கொத்தி, விதைத்து, களை பறித்து ஒரு குடும்பம் பார்க்கக்கூடியது ஓர் ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். இருபது ஏக்கர் பயிராகும், மீதி எண்பது ஏக்கர் சும்மா கிடக்கும். இந்த ஊரில் ஒருவர் வந்து, "என் நிலத்தில் பயிர் செய்யுங்கள், விளைந்ததில் பாதியை எனக்கு அளந்துவிடுங்கள்" என்றால் யார் கேட்பார்கள்? பக்கத்தில் சும்மா கிடக்கும் நிலத்துக்குப் போய்விடுவார்கள்.

அதே ஊருக்கு உழவு மாடு வருகிறது. ஒரு ஜோடி மாட்டை வைத்து ஐந்து ஏக்கர் பார்க்கலாம். பத்துக் குடும்பங்களால் மட்டும் ஆளுக்கு இரண்டு ஜோடி வாங்க முடிந்தது என்றால், நூறு ஏக்கரையும் அந்தப் பத்துக் குடும்பங்களே எடுத்துக்கொள்ளலாம். மற்ற பத்துக் குடும்பங்கள் அவர்கள் வயலில் நாற்று நடவும் களை பறிக்கவும் அறுக்கவும் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

ஊரில் நிலம் ஒரு சென்ட்கூடக் குறையவில்லை. ஆட்களும் கூடவில்லை. கருவி மாறியதும் பற்றாக்குறை இடம் மாறிவிட்டது. முன்பு வேலைக்குக் கை போதவில்லை, இப்போது கைக்கு நிலம் போதவில்லை. நிலவுடைமை, ஏற்றத்தாழ்வு பற்றிப் பொருளியலாளர்களும் தொல்லியலாளர்களும் சொல்வதன் அடிப்படை இவ்வளவுதான். எது பற்றாக்குறையோ அதைக் கையில் வைத்திருப்பவர் சொல்வதே விலை. புதிய தொழில்நுட்பம் ஒன்று வந்தால், "விளைச்சல் எவ்வளவு கூடும்" என்று கேட்பதோடு, "இனிமேல் எது பற்றாக்குறையாகும், அது யாரிடம் இருக்கிறது" என்றும் கேட்க வேண்டும்.

கை பற்றாக்குறையாக இருப்பதற்கும் நிலம் பற்றாக்குறையாக இருப்பதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. ஒருவருடைய உழைப்பு அவரோடு போய்விடும். நன்றாக மண் கொத்தும் கையைப் பிள்ளைக்கு எழுதிவைக்க முடியாது. நிலத்தை எழுதிவைக்கலாம், அடகு வைக்கலாம், கடனுக்குப் பறிக்கலாம், சேர்த்துக்கொண்டே போகலாம். ஒரு தலைமுறையில் வந்த சின்ன வித்தியாசம் நாலு தலைமுறையில் மலையாக வளர்வது இதனால்தான்.

ஆமி போகார்ட் என்ற தொல்லியலாளரும் சாமுவேல் போல்ஸ், மட்டியா ஃபோக்கேசாட்டோ என்ற பொருளியலாளர்களும் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பேசுகிறது. மேற்கு ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் மனிதர்கள் விவசாயம் செய்யத் தொடங்கி ஏறக்குறைய பத்தாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் விவசாயம் வந்த உடனே சொத்து ஏற்றத்தாழ்வு பெரிதாகிவிடவில்லை. பல ஆயிரம் ஆண்டுகள் கழித்து, மாடு பூட்டிய ஏர் பரவிய பிறகே அது நன்றாக விரிந்தது என்கிறார்கள். பழைய ஊர்களில் பத்திரமும் பட்டாவும் கிடையாதே, எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பெரும்பாலும் வீடுகளின் அளவை வைத்துத்தான். அகழாய்வில் கிடைக்கும் வீட்டுத் தரைகளை அளந்து, பெரிய வீட்டுக்கும் சின்ன வீட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று கணக்கிடுகிறார்கள். பத்தாயமும் களமும் உள்ள வீட்டையும் ஓர் அறை வீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்து வளர்ந்த, குமரி மாவட்டத்து நெல்வயல் பகுதியான நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இந்த முறையின் நியாயம் உடனே புரியும்.

டிம் கோலர் தலைமையிலான குழு 2017-இல் வெளியிட்ட ஆய்விலும் இதே போன்ற முடிவு வந்தது. பழைய உலகம் எனப்படும் ஐரோப்பா, ஆசியா பக்கத்து ஊர்களில், காலம் போகப்போக, அமெரிக்கக் கண்டத்தின் பழங்குடி ஊர்களைவிட ஏற்றத்தாழ்வு அதிகமானது. அன்றைய அமெரிக்கக் கண்டத்தில் ஏர் பூட்ட மாடு இல்லை என்பது அவர்கள் சொல்லும் முக்கியமான காரணங்களில் ஒன்று.

இந்த ஆய்வுகள் பயன்படுத்தும் அளவுகோலின் பெயர் கினி. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பத்துக் குடும்பத்துக்கும் சமமாக நிலம் இருந்தால் கினி சுழியம். எல்லா நிலமும் ஒரே ஆளிடம் இருந்தால் அது ஒன்றை நெருங்கும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. கணக்கில் நிலமில்லாத குடும்பங்களைச் சேர்க்கிறார்களா, நிலம் உள்ளவர்களுக்குள் மட்டும் பார்க்கிறார்களா என்பதைப் பொறுத்து எண் தலைகீழாக மாறிவிடும். நிலமில்லாதவர்களை விட்டுவிட்டுச் சொல்லும் சமத்துவக் கணக்கை நான் ஏற்பதில்லை.

ஏர் மாடும் தண்ணீரும்

சரி, நம் ஊருக்கு வருவோம். குமரி மாவட்டம் மிகச் சிறியது. பரப்பு 1,700 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. அதிலும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான இடம் காடு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 18.7 லட்சம் பேர், சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். நிலம் பற்றாக்குறை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை.

ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. பேச்சிப்பாறைக்கு மேலே மலையில் வாழும் காணிக்காரர்கள் முன்பு காட்டில் ஓரிடத்தைத் திருத்திப் பயிர் செய்து, மண் களைத்ததும் அடுத்த இடத்துக்குப் போவார்கள். மேலே சொன்ன கற்பனை ஊரின் முதல் நிலை கிட்டத்தட்ட இதுதான். மலை பெரிது, ஆள் குறைவு. அந்த நிலை முடிவுக்கு வந்ததற்கு ஏரோ மாடோ காரணமில்லை. காட்டைக் காப்புக்காடு என்று அரசு வரையறுத்தது. நேற்றுவரை தாராளமாக இருந்த நிலம் ஒரு கோடு போட்டதும் பற்றாக்குறை ஆகிவிட்டது. 2006-இன் வன உரிமைச் சட்டம் அந்த மக்களின் உரிமையை ஒப்புக்கொள்வதற்கு இத்தனை காலம் ஆனது. பற்றாக்குறை என்றாலே இயற்கை செய்தது என்று நினைத்துவிடக் கூடாது.

கீழே இறங்கினால் தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள். நாஞ்சில் நாடு. கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருஷத்துக்கு இரண்டு பூ (போகம்) நெல். இங்கே மாடு எப்படி நிலத்தைச் சேர்த்துக் கொடுத்தது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

கன்னிப்பூவுக்குத் தண்ணீர் வந்ததும் வயலைச் சேறாக உழுது தொழி கலக்க வேண்டும், மரமடித்து மட்டப்படுத்த வேண்டும், நாற்று முற்றுவதற்குள் நட வேண்டும். எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் மாடு தேவைப்படும். சொந்த மாடு உள்ளவர் முதலில் தன் வயலை முடிப்பார். அதற்கு அப்புறம்தான் இரவலுக்கோ கூலிக்கோ மாடு கிடைக்கும். அப்படிப் பத்துப் பதினைந்து நாள் தள்ளி நட்ட பயிர் அறுப்புக்கு வரும்போது ஐப்பசி மழையில் மாட்டிக்கொள்ளும். சாய்ந்த நெல், முளைத்த நெல். அந்த நட்டத்துக்குக் கடன் வாங்க வேண்டும். கடன் கொடுப்பவர் பெரும்பாலும் அந்த மாட்டுக்காரரே. வயல் ஒத்திக்குப் போகும், திருப்ப முடியாவிட்டால் கிரயமாகும்.

அப்படியானால் எல்லாரும் மாடு வைத்துக்கொள்ளலாமே? மாட்டுக்கு வருஷம் முழுக்கத் தீனி வேண்டும். தீனிக்கு வைக்கோல் படப்பு வேண்டும், வைக்கோலுக்கு வயல் வேண்டும். வயல் இருந்தால் மாடு, மாடு இருந்தால் இன்னும் வயல். யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யாவிட்டால்கூட இந்தச் சுழற்சி நிலத்தை ஒரு பக்கமாக நகர்த்திக்கொண்டே இருக்கும். ஏற்றத்தாழ்வைத் தனிமனிதரின் சோம்பேறித்தனமாகவோ பேராசையாகவோ மட்டும் விளக்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

தண்ணீர் விஷயத்துக்கு 1817-இல் டேவிட் ரிக்கார்டோ என்ற பொருளியலாளர் சொன்னது உதவும். ஊரில் எல்லா நிலமும் ஒரே தரம் இல்லை. நல்ல நிலம் தீர்ந்து, சுமாரான நிலத்திலும் பயிர் செய்ய வேண்டிய நிலை வந்ததும், நல்ல நிலத்தின் சொந்தக்காரர் கூடுதலாக ஒரு வேலையும் செய்யாமலே பாட்டம் (குத்தகை) கேட்க முடியும். இரண்டு நிலத்துக்கும் உள்ள விளைச்சல் வித்தியாசம் அவருக்குப் போகும். நம் ஊரில் அந்த வித்தியாசத்தைத் தீர்மானிப்பது மண்ணைவிட மடை. கால்வாயின் தலைமாட்டில் இருக்கும் வயலுக்கு இரண்டு பூவும் நிச்சயம். கடைமடையில் தண்ணீர் வருமா வராதா என்று காத்திருக்க வேண்டும். இரண்டு வயலிலும் உழைப்பு ஒன்றுதான்.

கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணையை, அப்போது இந்தப் பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் அரசு 1897-இல் கட்டத் தொடங்கி 1906-இல் முடித்தது. மூலம் திருநாள் மகாராஜா காலம், பொறியாளர் மிஞ்சின். பிறகு பெருஞ்சாணி, சிற்றாறு அணைகள் வந்தன. இன்று கோதையாறு, ராதாபுரம் கால்வாய்ப் பாசனம் அரசுக் கணக்கில் ஏறக்குறைய 79,000 ஏக்கர். இவற்றால் இந்த மாவட்டம் சோறு சாப்பிட்டது, அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் பொதுப் பணத்தில் கட்டிய அணையின் பலன் எப்படிப் பிரியும் என்று பாருங்கள். ஐம்பது ஏக்கர் வயல் உள்ளவருக்கு ஐம்பது பங்கு, அரை ஏக்கர் உள்ளவருக்கு அரைப் பங்கு, நிலமே இல்லாமல் நாற்று நடுபவருக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை நாள். தண்ணீர் சமமாக ஓடினாலும் நிலம் ஏற்கெனவே எப்படிப் பிரிந்து கிடக்கிறதோ அப்படியேதான் பலனும் பிரியும்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தை நான் வேறு மாதிரி பார்க்கிறேன். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் தண்ணீரைக் கொண்டுபோகும் அந்தப் பாலம் 1966-இல் முடிந்தது. அது தண்ணீர் கொண்டுபோனது ஏற்கெனவே செழித்திருந்த நாஞ்சில் வயல்களுக்கு இல்லை, மேற்கே மேடும் பள்ளமுமாகக் கிடந்த கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களின் விளைகளுக்கு (மேட்டு நிலத் தோட்டங்களுக்கு). தொழில்நுட்பம் எந்தத் திசையில் போகிறது என்பதை மனிதர்கள் முடிவு செய்ய முடியும் என்பதற்கு அந்தத் தூண்கள் சாட்சி. சுற்றுலாவுக்குப் போகிறவர்கள் கீழே ஆற்றைப் பார்த்துப் படம் எடுத்துவிட்டு வருகிறார்கள். நடுவில் ஓடும் தொட்டித் தண்ணீரையும் ஒரு நிமிடம் பார்க்கலாம்.

கை பற்றாக்குறையானால் கைக்கு மதிப்பு வருமா?

வர வேண்டும் என்றுதான் மேலே சொன்ன கணக்குச் சொல்கிறது. ஆனால் எப்போதும் வராது. எவ்சி டோமர் என்ற பொருளியலாளர் 1970-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். நிலம் தாராளமாகவும் உழைப்பவர் குறைவாகவும் இருந்தால் நிலக்கிழாருக்கு ஆள் கிடைக்காது. அப்போது அவருக்கு முன்னால் இரண்டே வழி. ஒன்று, தானே உழுவது. இன்னொன்று, அதிகாரத்தைப் பயன்படுத்தி ஆட்களைக் கட்டிவைப்பது.

திருவிதாங்கூரில் இரண்டாவது நடந்தது. புலையர், பறையர் முதலிய சாதிகளைச் சேர்ந்த மக்கள் அடிமைகளாக வயலோடு கட்டப்பட்டிருந்தார்கள். அவர்களை விற்றார்கள், அடகு வைத்தார்கள், பாட்டத்துக்கு விட்டார்கள். சட்டப்படி அது முடிவுக்கு வந்தது 1855-இல்தான். நாஞ்சில் நாட்டின் பசுமையைப் பற்றிப் பெருமையாக எழுதும்போது, அந்த வயல்களின் வரப்பைப் போட்டவர்களுக்கு அதில் ஒரு சாண்கூடச் சொந்தமில்லாமல் இருந்ததையும் சேர்த்து எழுத வேண்டும். பற்றாக்குறை யாருக்குப் பேரம் பேசும் பலத்தைக் கொடுக்கும் என்பதைச் சட்டமும் சாதியும் மாற்றிவிட முடியும்.

அதற்குப் பத்து வருடம் கழித்து, 1865-இல், இன்னொரு பெரிய மாற்றம். பண்டாரப்பாட்டம் எனப்பட்ட அரசுக் குத்தகை நிலங்களில் பாட்டக்காரர்களாக இருந்தவர்களுக்கு முழு உடைமை உரிமை கொடுத்து அறிவிப்பு வந்தது. இந்தியாவில் அந்தக் காலத்துக்கு இது பெரிய சீர்திருத்தம். அதில் பலன் பெற்றவர் யார்? கணக்கில் பாட்டக்காரர் என்று பெயர் பதிந்திருந்தவர். சேற்றில் இறங்கியவரின் பெயர் கணக்கில் இல்லை. நிலச் சீர்திருத்தம் பற்றிப் படிக்கும் எவரும் கேட்க வேண்டிய கேள்வி இது: "உழுபவர்" என்று சட்டம் யாரைச் சொல்கிறது?

1956 நவம்பர் 1-ஆம் தேதி இந்தத் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளம் 1970-இல் குத்தகை முறையையே ஒழித்து, குத்தகைக்காரர்களுக்கு உடைமை கொடுத்தது. பிறர் நிலத்தில் குடிசை போட்டுக் குடியிருந்த குடிகிடப்புக்காரர்களுக்குக் கிராமங்களில் பத்து சென்ட் வரை கிடைத்தது. தமிழ்நாடு வேறு வழியில் போனது. குத்தகைதாரர் பாதுகாப்பு, நியாயமான குத்தகை, நில உச்சவரம்பு. 1961-இல் ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்று இருந்த வரம்பு 1970-இல் 15 ஆனது. தோட்டப்பயிர் எஸ்டேட்டுகளுக்கு விலக்கு இருந்தது, அதில் ரப்பரும் அடக்கம். திருவிதாங்கூர் காலத்து ஸ்ரீபண்டாரவகை நிலங்களை (கோயில் பண்டாரத்து நிலங்களை), நிலம் வைத்திருப்பவர் நேரடியாக அரசுக்கு வரி கட்டும் ரயத்துவாரி முறைக்குக் கொண்டுவர 1964-இல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. ஒரே ராஜ்யமாக இருந்த இரண்டு பக்கமும் இப்படிப் பிரிந்த பிறகு, பாட்டம் கட்டிப் பயிர் செய்த ஒரு குடும்பத்தின் கதை எல்லை ஊரான களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் ஒன்றாகவும் அந்தப் பக்கம் இன்னொன்றாகவும் முடிந்தது.

இன்றைய கருவிகள்

எல்லாக் கருவியும் பெரிய விவசாயிக்கே சாதகம் என்று நினைக்கக் கூடாது. கருவியைப் பிரிக்க முடியுமா என்று பாருங்கள். திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.பி.எஸ். ரக விதைநெல்லை ஐந்து கிலோவும் வாங்கலாம், ஐந்நூறு கிலோவும் வாங்கலாம். பத்து சென்ட் வயலிலும் அது அதே மாதிரிதான் விளையும். டிராக்டரையும் அறுவடை இயந்திரத்தையும் அப்படிப் பிரிக்க முடியாது. வாடகைக்குக் கிடைப்பதால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கிறது. மீதிப் பாதியை அறுப்புக் காலத்தில் எந்த வயக்காட்டிலும் பார்க்கலாம். செயின் வண்டி (சங்கிலிச் சக்கர அறுவடை இயந்திரம்) ரோட்டிலிருந்து முதலில் ரோட்டோர வயலில் இறங்கும். உள்ளே இருக்கும் வயல் நேற்றே முற்றியிருந்தாலும், நடுவில் உள்ள வயல்கள் அறுத்து முடியாமல் வண்டி அங்கே போக வழியில்லை. வண்டி திரும்ப இடம் போதாத துண்டு வயலில் மூலைகளைக் கையால் அறுத்துக் கொடுக்க வேண்டும். வாடகை மணிக்கணக்கில் என்பதால் திரும்பித் திரும்பி ஓடும் நேரத்துக்கும் காசு. ஆக, துண்டு வயல்காரர் அதே நெல்லுக்குக் கூடுதல் செலவு செய்கிறார், கூடுதலாகக் காத்திருக்கிறார். இது ஒரு பக்கம். முன்பு அதே வயலில் கதிர் அறுத்து நெல்லாகவே கூலி வாங்கிப்போன பெண்களுக்கு அந்த நெல் இப்போது இல்லை. வண்டியின் வாடகைக் கணக்கில் அவர்கள் எங்கும் வருவதில்லை.

ரப்பரின் கதை வேறு. கன்று நட்டுப் பால் வெட்டத் தொடங்க ஏறக்குறைய ஏழு வருடம். அத்தனை வருடம் வருமானம் இல்லாமல் காத்திருக்கக்கூடியவர்தான் நட முடியும். இங்கே பற்றாக்குறை காத்திருக்கும் பணம். சிறு விவசாயிகள் இடையில் வாழையோ அன்னாசியோ மரச்சீனியோ (மரவள்ளி) போட்டுச் சமாளிக்கிறார்கள். குலசேகரம் பக்கம் இது சாதாரணக் காட்சி.

இப்போது கணக்கு மறுபடியும் மாறியிருக்கிறது. தேங்காய் வெட்ட ஆள் கிடைப்பதில்லை, நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை. கை பற்றாக்குறை, கூலியும் ஏறியிருக்கிறது. ஆனால் கூலி ஏறியதால் தொழிலாளி நிலம் வாங்க முடிகிறதா? முடியவில்லை. வயலின் விலையை இப்போது நெல் தீர்மானிக்கவில்லை, வீட்டு மனை தீர்மானிக்கிறது. வெளிநாட்டுச் சம்பளமும் நான்குவழிச் சாலையும் சேர்ந்து ஒரு சென்ட்டின் விலையைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கும் இடத்தை, அந்தச் சென்ட்டில் இரண்டு பூவும் விளைந்த நெல்லை வாழ்நாள் முழுக்க விற்றாலும் எட்ட முடியாது. அதனால் விவசாயம் செய்ய விரும்புகிறவர் நிலம் வாங்குவதில்லை, பாட்டத்துக்கு எடுக்கிறார்.

பெரும்பாலும் அது வாய்மொழிப் பாட்டம். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயலில் குமரி மாவட்டத்து வாழையும் ரப்பரும் வேரோடு சாய்ந்தன. நிவாரணமோ பயிர்க் காப்பீடோ கேட்டுப் போனால் சிட்டாவும் அடங்கலும் (நிலம் யாருடையது, அதில் என்ன பயிர் என்ற வருவாய்ப் பதிவுகள்) கேட்பார்கள். கடன் வாங்கி வாழை வைத்தவர் பாட்டக்காரர், சிட்டாவில் இருப்பது நிலத்தின் சொந்தக்காரர் பெயர். குத்தகைதாரரின் பெயரைப் பதிவு செய்ய 1969-இலிருந்தே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது, வேளாண் நிலக் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம். பதிந்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று உடைமையாளர்கள் பயப்படுகிறார்கள், பதியச் சொன்னால் அடுத்த வருஷம் நிலம் கிடைக்காது என்று பாட்டக்காரர்கள் பயப்படுகிறார்கள். இரண்டு பயமும் உண்மையானவை. ஆனால் புயல் வந்தால் நட்டப்படுபவர் ஒருவர்தான். குத்தகை ஒப்பந்தம் நிலத்தின் உடைமையைத் தொடாது என்று உறுதி கொடுத்து, பயிர் செய்பவரின் பெயரை அந்தந்தப் பருவத்துக்கு மட்டும் அடங்கலில் ஏற்ற வழி செய்தால், அடுத்த புயலுக்கு முன்னால் இந்த ஒரு கோணலையாவது நிமிர்த்தலாம். பாட்டத்துக்குப் பயிர் செய்பவர்கள் அதுவரை செய்யக்கூடியது, பாட்டம் கொடுத்த தேதியையும் தொகையையும் எழுதி உடைமையாளரிடம் ஒரு கையெழுத்தாவது வாங்கி வைத்துக்கொள்வது.